32க்கு 30 வாங்கியவளா, 23 வாங்கியவனா: புது பிசியோவுக்கு எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

வணக்கம். நான் பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சை செய்பவள். இந்த வேலைக்கு வந்து 21 வருஷம். முதல் 9 வருஷம் அரசாங்க மருத்துவமனையில் இருந்தேன், அப்புறம் தனியார். இப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மையம். நாலு கட்டில், பிடித்துக்கொண்டு நடந்து பழக ஒரு பேரலல் பார், இரண்டு சைக்கிள். அதில் ஒரு சைக்கிளுக்கு மிதி கழன்று மூன்று மாதம் ஆகிறது, அது வேறு கதை.

அந்த மிதி கழன்ற வாரம்தான் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இருவருக்கும் டிகிரி இருக்கிறது, பதிவும் ஆகிவிட்டது. புரொபேஷன் முடிகிறது. வருகிற வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டால், மறுநாளிலிருந்து தனியாக நோயாளி பார்க்கலாம். கிள்ளான், காஜாங் என்று வீட்டுக்குப் போயும் பார்க்கலாம். அங்கே நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். என் பயம் அதுதான்.

முதலாளி ஒரு பாரம் கொடுத்திருக்கிறார். 32 வரி. ஒவ்வொன்றுக்கும் 'செய்தார்', 'செய்யவில்லை' என்று இரண்டு கட்டம். கை கழுவினாரா, தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாரா, அளவை முறைப்படி எடுத்தாரா, நேரத்துக்குள் முடித்தாரா, குறிப்பு எழுதினாரா என்று போகிறது. பெண் 32க்கு 30. பையன் 23. பாரத்தைப் பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் செந்தூலிலிருந்து ஒரு அம்மா வந்தார். 68 வயது. முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள். லிஃப்ட் இல்லாத பழைய பிளாட்டில் நாலாவது மாடி. மகன் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, படியில் தாங்கிப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்திருக்கிறார். இந்தப் பெண்தான் பார்த்தாள், நான் அடுத்த கட்டில் பக்கம் நின்று கவனித்தேன். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரை அவள் வைத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முட்டியின் வெளிப்பக்க எலும்பில் அச்சு, ஒரு கை இடுப்பு எலும்பு நோக்கி, இன்னொரு கை வெளிக் கணுக்கால் நோக்கி. மடக்கினால் 85 டிகிரி. எழுதினாள். நீட்டச் சொன்னாள், 8 டிகிரி பாக்கி. அதையும் எழுதினாள். என் இருபது வருஷத்தில் அத்தனை சுத்தமாக நான் வைத்ததில்லை.

அந்த அம்மா சொன்னார்: "நேத்துலேருந்து கெண்டைக்கால் ஒரு மாதிரி இழுக்குதும்மா."

பெண் சொன்னாள்: "அது நார்மல்தான் ஆன்டி. பாதத்தை மேலே கீழே ஆட்டுங்க, சரியாயிடும்." சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டாள்.

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடு. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. டேப் எடுத்து, முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். அறுவை செய்த கால் 4 சென்டிமீட்டர் கூட. பயிற்சியை நிறுத்தி, கடிதம் எழுதிக் கொடுத்து, அப்போதே மருத்துவமனைக்கு அனுப்பினேன். காலின் உள் சிரையில் ரத்தம் உறைந்திருந்தால், அது கழன்று நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் பிசியோக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரையில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அறுவைக்குப் பிந்தைய வீக்கம்தான்.

மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முதலாளி சிரித்தார்: "பார்த்தீங்களா, அந்தப் பொண்ணு சொன்னதுதானே சரி?" இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் சொன்னது சரியாகத்தான் போனது. ஆனால் அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே.

இப்போது பையன். கை இன்னும் பழகவில்லை. நோயாளிமேல் துணி போர்த்த மறந்துவிடுவான். தசை பலம் பார்த்து 5க்கு 4 என்று எழுதுவான், நான் பார்த்தால் 3 பிளஸ். ஒரு நோயாளிக்குக் குறிப்பு எழுத 40 நிமிஷம், அதில் பாதி எழுத்து எனக்குப் புரியாது.

இரண்டு வாரத்துக்கு முன், பக்கவாதம் வந்த ஒரு மாமாவைப் பேரலல் பாரில் நடக்க வைத்துக்கொண்டிருந்தான். அந்த மாமா வாயைத் திறந்தால் மூட மாட்டார். பந்து, அரசியல், மருமகள் எல்லாம் வரும். மூன்றாவது சுற்றில் பேச்சு நின்றுவிட்டது. கீழே விழவில்லை, தடுமாறவும் இல்லை. வேறு யாராவது என்றால் "இன்னிக்கு நல்லா கவனமா நடக்கிறார்" என்று நினைத்திருப்பார்கள். பையன் உடனே நாற்காலியை இழுத்து உட்கார வைத்தான். மறுபடி பக்கவாதமோ என்று பார்க்க, சிரிக்கச் சொன்னான், இரண்டு கையையும் தூக்கச் சொன்னான், ஒரு வாக்கியம் பேசச் சொன்னான். பிரஷர் பார்த்தான், 150க்கு 88. எங்கள் சுவரில் 180க்கு 110 என்றால் நிறுத்து என்றுதான் ஒட்டியிருக்கிறது. அதன்படி பார்த்தால் தொடரலாம். அவன் தொடரவில்லை. "மாமா, காலையில பசியாறினீங்களா?" என்று கேட்டான். சர்க்கரை மருந்து போட்டுவிட்டு, ரோட்டி வாங்க நேரமில்லை என்று வெறும் வயிற்றில் வந்திருக்கிறார். சர்க்கரை குத்திப் பார்த்தால் 3.2, ரொம்பக் கம்மி.

இனிப்பாக மைலோ கலக்க ஓடினவன் பாதியில் நின்று, திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, மாமா தண்ணி மாதிரி குடிக்கலாமா, இல்ல கெட்டியாக்கித்தான் கொடுக்கணுமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கவாத நோயாளிக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம் என்பது அந்த அவசரத்தில் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தான். 5.1. மாமா மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை. அன்றைக்கு அவனுக்கு விழுந்தது என்ன தெரியுமா? 'நேரத்துக்குள் முடித்தாரா' என்ற வரியில் 'செய்யவில்லை'.

எப்படி மதிப்பிடுகிறீர்கள் நீங்களெல்லாம்? எனக்கு யாரும் மதிப்பிடக் கற்றுக்கொடுத்ததில்லை. 21 வருஷம் இருக்கிறாய், உனக்குத் தெரியும் என்று பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.


கிளினிக் நடத்துபவன், செராஸ்:

அக்கா, கோபப்படாதீங்க, சம்பளம் கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன். 2016ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான 774ஆம் சட்டம் வந்தது, பிசியோவும் அதில் அடக்கம். அதன்படி மன்றத்தில் பதிந்திருக்கிறார்கள், பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்திருக்கிறது, படிக்கும்போதே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் நின்றிருப்பார்கள். மறுபடி நாம் ஒரு பரீட்சை வைத்தால் எத்தனை பரீட்சைதான் எழுதுவார்கள்? எனக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதம். ஒருத்தர் பாதி நோயாளிதான் பார்க்கிறார் என்றால் மீதி வாடகையை யார் கட்டுவது? 30 வாங்கிய பெண்ணுக்குப் போட்டுவிடுங்கள். பையனுக்கு ஒரு மாதம் கூடக் கொடுங்கள். முடிந்தது.


பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

கோபமில்லை தம்பி. ஆனால் கார் லைசன்ஸ் எடுத்த அன்றைக்கே உங்கள் பிள்ளையைக் கெந்திங் மலைப் பாதையில், மழையில், உங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டச் சொல்வீர்களா? லைசன்ஸ் சரியானதுதான். இருந்தாலும் பக்கத்து சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்பீர்கள் இல்லையா.


பட்டர்வொர்த் வாத்தியார்:

பிசியோ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், பினாங்கிலும் இந்தப் பக்கமும் மருத்துவமனைகளில் அவர்களை மேற்பார்க்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது முழுக்க இதையேதான் யோசித்தேன்.

முதலில் அந்த டாப்ளர். முதலாளி சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்கேன் நன்றாக வந்தது அந்த அம்மாவின் அதிர்ஷ்டம், அதில் அந்தப் பெண்ணின் திறமை எதுவும் இல்லை. பெரிய அறுவை முடிந்து 12 நாள், கெண்டைக்கால் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம், அழுத்தினால் குழி. ஒவ்வொன்றுமே சிரை உறைவைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம். சந்தேகப்பட்டு அனுப்பும் பத்துப் பேரில் பலருக்கு ஒன்றும் இருக்காது. இருக்கட்டுமே. நாம் மதிப்பிட வேண்டியது அவள் அந்த முடிவுக்கு எப்படி வந்தாள் என்பதை. தொட்டு, அளந்து, யோசித்து "இது சாதாரண வீக்கம்தான் என்று நினைக்கிறேன், ஆனாலும் வந்து பாருங்கள்" என்று அவள் சொல்லியிருந்தால், அதே பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது உங்கள் பாரம். 1990ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஒரு முக்கோணம் வரைந்தார். அடியில், தெரியும். அதற்கு மேல், எப்படிச் செய்வதென்று தெரியும். அதற்கு மேல், செய்து காட்டுவான். உச்சியில், செய்கிறான். எழுத்துப் பரீட்சை கீழ் இரண்டு படியைப் பார்க்கும். ஆஸ்கி என்று மாணவர்கள் நடுங்குவார்களே, மணி அடித்தால் அறை மாறும் செய்முறைத் தேர்வு, 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் கொண்டுவந்தது, அது மூன்றாவது படி. உங்கள் பாரம் ஆஸ்கிக்காக எழுதியது மாதிரி இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நிற்பது தெரிந்து, உங்களுக்காக அந்தப் பெண் செய்து காட்டினாள். பையன் செய்தது நாலாவது படி. மாமா பேச்சை நிறுத்துவார் என்று யாரும் கேள்வித்தாளில் எழுதவில்லை.

ஆஸ்திரேலியாவில் பிசியோ மாணவர்களுக்கு ஏபிபி என்று ஒரு மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பார்த்துத்தான் எங்கள் தாளைத் திருத்தினோம். 20 வரிதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. 2 என்றால் வேலைக்கு நுழையும் ஒருவருக்குப் போதுமானது. இந்த 2 என்பதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 21 வருஷக்காரரோடு ஒப்பிட்டால் யாருக்கும் 2 விழாது. 'இந்த ஆளைப் பார்த்தால் பாதுகாப்பான புதுமுகமாகத் தெரிகிறதா' என்பதுதான் அளவுகோல். பார்க்க வாய்ப்புக் கிடைக்காத வரியைப் பார்க்கவில்லை என்று விட்டுவிடலாம், கணக்கில் சேராது. உங்கள் பாரத்தில் அந்தக் கட்டமே இல்லை. ஆகவே பார்க்காததற்கெல்லாம் 'செய்தார்' போட்டிருப்பீர்கள். போட்டிருக்கிறீர்களா?

அந்த 20 வரியில் ஆபத்தைக் கவனிப்பது தனியாக ஒரு பகுதி. நோயாளியிடம் பேசுவது ஒரு பகுதி, கிடைத்த தகவலை வைத்து யோசிப்பது இன்னொரு பகுதி. கை கழுவுவதும் சிரை உறைவைச் சந்தேகிப்பதும் ஆளுக்கு ஒரு மார்க் என்று கூட்டி 30 என்று எழுத முடியாது. சாம்பாரில் உப்பும் சமையலறைக்குத் தீப்பிடிப்பதும் ஒரே வரிசையிலா?

ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 15, 20 நிமிஷம் ஒரு நோயாளியோடு பார்ப்பது, உடனே 5 நிமிஷம் உட்கார்ந்து பேசுவது. இப்படி ஆறேழு தடவை, வேறு வேறு நோயாளி. முடிந்தால் வேறொரு கண்ணும் பார்க்கட்டும். முட்டியில் கெட்டிக்காரியாக இருப்பவள் பக்கவாதத்தில் திணறலாம். ஒரு நோயாளியை வைத்து ஒருவரைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் குத்தும். பையன் 4 என்றான், நீங்கள் 3 பிளஸ் என்றீர்கள். உங்களுடையதுதான் சரி என்று எப்படித் தெரியும்? கையால் பலம் பார்க்கும்போது அந்த இடத்தில் இரண்டு அனுபவசாலிகளே ஒத்துப்போக மாட்டார்கள். தன் கையையே தராசாக வைத்து அடுத்தவனுக்கு மார்க் குறைப்பது நாம் எல்லோரும் செய்கிற தப்பு.


ரெண்டு வருஷ பிசியோ:

அக்கா, நான் அந்தப் பொண்ணு பக்கம் பேசலாமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான் இருந்தேன்.

எங்க சீனியர் கையைக் கட்டிட்டு நிற்பாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. பேனா மட்டும் அசையும். அந்தப் பேனா சத்தம் கேட்டா நோயாளி என்ன சொல்றாங்கன்னே காதில் விழாது. எல்லா கவனமும் கோனியோமீட்டர் மேலதான், ஏன்னா அதுக்குத்தான் மார்க். நோயாளி ஏதாவது புதுசா சொன்னா மனசுக்குள்ள "ஐயோ, இப்பப் போயி இதச் சொல்றாங்களே"ன்னு தோணும். உண்மையைச் சொல்றேன், கெட்ட பொண்ணுன்னு நினைக்காதீங்க.

இன்னொண்ணு, தமிழ். நான் படிச்சது மலாய் வழித் தேசியப் பள்ளி. நோயைப் பத்தின பாடமெல்லாம் இங்கிலீஷ், வார்டுல மலாய். வீட்டுல தமிழ்தான் பேசுவோம், ஆனா அது சோறு, சண்டை, சீரியல் அளவுக்குத்தான். இழுக்குது, கடுக்குது, குடையுது, மரத்துப்போச்சு, விறுவிறுங்குது, சுருக்குன்னு குத்துது... இதெல்லாம் வேற வேற வலின்னு எனக்கு ஒரு தோட்டத்துப் பாட்டிதான் சொல்லிக் கொடுத்தாங்க. "குடையுது"ன்னா எலும்புக்குள்ள, "விறுவிறுங்குது"ன்னா நரம்பு மாதிரி. முதல்ல எனக்கு "இழுக்குது"ன்னா தசைப்பிடிப்பு, அவ்வளவுதான். தசைப்பிடிப்புக்குப் பாதத்தை ஆட்டச் சொல்றதுதானே சரி? அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான் கேட்டிருக்குமோ என்னவோ. கேட்டுப் பாருங்க அக்கா.


ஜெலுத்தோங் தாத்தா:

நான் பிசியோ இல்லை. ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. இரண்டு முட்டியும் மாற்றியவன். பேரன்தான் இதைக் காட்டினான்.

நோயாளியைக் கேட்டு மார்க் போடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், எங்களை நம்பாதீர்கள். முதல் முட்டிக்கு வந்த பிள்ளை அப்படிச் சிரித்துப் பேசும். வலிக்கிறது என்றால் நிறுத்திவிடும், ஐஸ் வைக்கும், என் வீட்டுக் கதையெல்லாம் கேட்கும். போகும்போது ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். முட்டி 80 டிகிரிக்கு மேல் மடங்காமல் நின்றுபோய் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது முட்டிக்கு வந்தவன் சிடுமூஞ்சி. ஆனால் முதல் நாளே கேட்டான்: "தாத்தா, வீட்டில் கக்கூஸ் எப்படி, உட்காருவதா குந்துவதா? படி எத்தனை? கோயிலுக்குப் போவீர்களா?" பினாங்குத் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்றேன். 500 படிக்கு மேல். சிரிக்கவில்லை. பலகையை அடுக்கி, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று தினமும் ஏற்றி இறக்கினான். அவனுக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுத்தேன். திட்டிக்கொண்டே கொடுத்தேன். தைப்பூசத்துக்குப் பாதி மலை ஏறினேன், அன்றைக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அதனால் நோயாளியிடம் கேட்பதானால் சிகிச்சை முடிந்த அன்று கேட்காதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.


பட்டர்வொர்த் வாத்தியார்:

தாத்தா, இதை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டலாமா?


ஜெலுத்தோங் தாத்தா:

காட்டுங்கள். சிடுமூஞ்சி என்று எழுதியதை மட்டும் எடுத்துவிடுங்கள், அவன் படித்தால் வருத்தப்படுவான்.


பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, வாத்தியார் குத்தியதற்கும் சேர்த்து.

குத்தியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பையன் 4 போட்ட நோயாளியை இன்னொரு மையத்திலிருந்து வந்த என் பழைய தோழியிடம் காட்டினேன், எதுவும் சொல்லாமல். அவள் 4 என்றாள். நான் மறுபடி பார்த்தேன். எனக்கு இப்போதும் 3 பிளஸ்தான் வருகிறது. பையன் பக்கத்தில் நின்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு.

பார்க்காத வரிக்கும் 'செய்தார்' போட்டேனா என்று கேட்டீர்கள். போட்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், அந்தப் பெண்ணின் 30ல் 7 நான் கண்ணால் பார்க்காதவை. நல்ல பிள்ளை, செய்திருப்பாள் என்று போட்டவை. பையனுக்கு அப்படி ஒன்றுகூடப் போடவில்லை. துணி போர்த்த மறக்கிறவன் இதையும் மறந்திருப்பான் என்று கை தானாக அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. முதலாளியிடம் ஆறு வாரம் கேட்டேன், நாலு கொடுத்தார். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குக் கீழே இருக்கும் கடைக்குப் போனேன். பாரத்தை மேலேயே வைத்துவிட்டேன். தே தாரிக், நம்ம பால் டீ, வந்தது. அந்த ரெண்டு வருஷ பிசியோ தங்கச்சி சொன்ன மாதிரியே கேட்டேன்: "அந்தச் செந்தூல் அம்மா இழுக்குதுன்னு சொன்னாங்களே, உனக்கு என்னன்னு கேட்டது?"

கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். தசைப்பிடிப்பு என்றுதான் முதலில் நினைத்தாளாம். அப்புறம் சொன்னாள்: "வீங்கியிருந்ததைப் பார்த்தேன் அக்கா. சிரை உறைவாக இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அளந்து பார்க்கணும்னா டேப் உள் ரூம்ல இருக்கு. போய் எடுத்து, ரெண்டு காலும் அளந்து, உங்களைக் கூப்பிட்டு... 30 நிமிஷம் தாண்டிடும். ஏற்கெனவே ஒரு தடவை அந்த வரியில் எனக்கு 'செய்யவில்லை' விழுந்திருக்கு."

எனக்கு வாயில் தே இறங்கவில்லை. அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான்தான். என்றைக்கு, எந்த நோயாளிக்கு என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அவளுக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது.

அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் வந்த பிறகு மார்க்குக்குப் பயந்து கடந்து போவது, தெரியாமல் விடுவதைவிட மோசம் என்று அவளிடமே சொன்னேன். அழுதாள். நானும் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நாலு டேப் வாங்கி வந்து நாலு கட்டிலிலும் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்று 2 ரிங்கிட் 40 சென்.

இப்போது இப்படிச் செய்கிறோம். வாரத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொருவரையும் 20 நிமிஷம் பார்க்கிறேன், கையில் பேனா இல்லாமல். நோயாளி போனதும் ஒரே கேள்விதான் முதலில்: "இன்னிக்கு எது நடந்திருந்தா நீ நிறுத்தியிருப்பே?" பையன் நாலைந்து சொல்வான், அதில் ஒன்று நான் யோசிக்காததாக இருக்கும். பெண் முதல் வாரம் பாடப் புத்தகத்திலிருந்து ஒப்பித்தாள். இரண்டாவது வாரம் அந்த நோயாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் அப்புறம்தான். வாத்தியார் சொன்ன 0 முதல் 4 கணக்கில் பையனுக்குத் துணி போர்த்துவதும் குறிப்பு எழுதுவதும் இன்னும் 1தான், அதில் இரக்கம் காட்டவில்லை. எழுதியது அடுத்தவருக்குப் புரியாவிட்டால் அதுவும் ஆபத்துதானே. குறிப்பு இப்போது 25 நிமிஷத்துக்கு வந்திருக்கிறது.

செராஸ் தம்பிக்கு: வாடகை கட்டியாயிற்று, கவலை வேண்டாம். செந்தூல் அம்மாவின் மகன் திரும்ப வந்தார். கூடவே அவருடைய மாமியாரையும் கூட்டி வந்தார், தோள்பட்டைக்கு. "போன தடவை பயமுறுத்தினாலும் கவனமாப் பார்த்தீங்க" என்றார். அதற்கு நான் சந்தோஷப்படுவதா வேண்டாமா தெரியவில்லை.

நேற்று காலை 10 மணி 40 இருக்கும். நான் தோள்பட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கட்டிலிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்த ஒரு சீன ஆன்டி. கழுத்தில் டேப், தையற்காரர் மாதிரி. "ரெண்டு காலும் அளந்தேன் அக்கா. 1 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சூடு இல்லை, குழி விழலை, அழுத்தினா வலி இல்லை. தொடரலாம்னு நினைக்கிறேன். ஆனா நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

போய் அளந்தேன். 1 சென்டிமீட்டர்தான். தொடரச் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கு 47 நிமிஷம் ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை கெடு. அவளுக்கும் பையனுக்கும் போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு மட்டும் இருவரும் இன்னும் ஒரு மாதம் என்னோடு வர வேண்டும் என்று எழுதி. பாரத்தைத் திருத்தலாமா என்று முதலாளியைக் கேட்டேன். ஏற்கெனவே 200 பிரதி அடித்துவிட்டாராம், முடியும் வரை இதுதான் என்கிறார். ஆகவே ஒவ்வொரு தடவையும் 'நேரத்துக்குள் முடித்தாரா' வரியை நானே பேனாவால் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 186 பாக்கி.